லிஃப்டுக்குள் கேட்டது

அந்த ஆஸ்பத்திரியில் அவரை எல்லாரும் வண்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளிகளை ஸ்ட்ரெச்சரிலும் சக்கர நாற்காலியிலும் வைத்து வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்கும், அங்கிருந்து மறுபடி வார்டுக்கும் தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. ஒரு பக்கமாக இழுக்கிற வண்டிகூட அவர் கைபட்டால் நேராகப் போகும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு மேலே ஓடுகிற விளக்குகளைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதால், "இப்ப ஒரு திருப்பம் வருதுங்க", "இங்க சின்ன மேடு, லேசா ஆடும்" என்று சொல்லிக்கொண்டே போவார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

வீட்டிலும் பேச ஆளில்லை. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் கிடையாது. மாடியில் ஓர் அறை, ஓரமாக அடுப்பு. ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவ எவ்வளவு நேரம் பிடிக்கும்? அதையே இழுத்து இழுத்துக் கழுவுவார். கீழ்வீட்டுக்காரம்மா படியில் எதிர்ப்பட்டால் "சாப்பிட்டாச்சா?" என்பார். இவர் "ஆச்சு" என்பார். சில நாள் வீடு திரும்பிய பிறகு அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

நான் ஆலயத்தில் அவருக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவன். இதெல்லாம் ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபிறகு, பல ஞாயிறுகளில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

மனைவிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நோய் முற்றியபோதுகூட, "ஆண்டவரைப் பார்க்கத்தானே போறேன், நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று இவரைத்தான் தேற்றினாள். அவள் மூச்சு அடங்கும்போது ஏதாவது ஓர் அடையாளம் தெரியும் என்று இவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை. மூச்சு நின்றது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தார். ஆனால் விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்து நிற்கையில், இயேசு மூன்றாம் நாள் எழுந்தார் என்கிற இடத்தில் வாயை மூடிக்கொள்வார். சுற்றிலும் அத்தனை குரல்கள் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் மட்டும் தனியாக நிற்பார். பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரியாது.

ஒருமுறை ஆலய வாசலில் போதகரைப் பிடித்துக் கேட்டுவிட்டார்.

"ஐயா, இயேசு எழுந்தார்னு சொன்னப்ப சீடர் தோமா பார்க்காம நம்பமாட்டேன்னார். அவருக்குக் காட்டினாங்க. மத்தவங்களும் பார்த்தாங்க. நமக்கு மட்டும் யாரோ சொல்லி, யாரோ எழுதி, யாரோ வாசிச்சுக் கேக்கற நிலைமை. அதுலயும் கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார், அங்க இருந்த தூதர் ஒருத்தரா ரெண்டு பேரான்னு ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க."

போதகர் சளைக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார். "எனக்கும் அதே நிலைமைதாங்க. நானும் பார்க்கல."

"அப்புறம் எப்படிங்கய்யா?"

"சொன்னவங்களை நம்பறேன்."

"முன்னப்பின்ன தெரியாதவங்களையா?"

போதகர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வண்டிக்காரர் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். பதிலை மறந்துவிட்டார் என்று இவருக்குக் கொஞ்சம் வருத்தம். பதில் இல்லாமல்தான் போனார் என்று சில நாள் கழித்துத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு பழைய லாரி டிரைவர் வந்து சேர்ந்தார். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. பார்க்க ஒருவரும் வரவில்லை. சிடுசிடுப்பான மனிதர். ஸ்ட்ரெச்சரில் ஏற்றினால் போதும், தொழில் ஞாபகம் வந்துவிடும்.

"பாத்துத் தள்ளுய்யா. லோடு ஏத்திட்டா போற? இந்த வண்டிக்கு பிரேக் எங்க இருக்கு?"

"நான்தாங்க பிரேக்கு."

"அப்ப சரி. திருப்பத்துல ஹாரன் அடி."

மற்றவர்கள் அவரிடம் போகத் தயங்குவார்கள். வண்டிக்காரருக்கு என்னவோ அவரைப் பிடித்துப்போயிற்று.

ஒருநாள் மதியம் அவரை ஸ்கேனுக்குக் கொண்டுபோகையில் கரண்ட் போய் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. ஓட வேண்டிய ஜெனரேட்டர் ஓடவில்லை. மூலையில் ஒரு சின்ன பல்ப் மட்டும் மினுங்கியது. மணியை அழுத்தினார். "இருங்க, ஆள் கூப்பிட்டிருக்கு" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. உள்ளே காற்று புழுங்கியது. டிரைவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. வண்டிக்காரர் அவர் தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மறு கையால் அவர் கையைப் பிடித்தார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றார் டிரைவர்.

"பேசாதீங்க, மூச்சு வாங்குது."

"நான் வேணாம்னு சொன்ன பையனைக் கட்டிக்கிட்டா. கல்யாணத்துக்கு நான் போகல." இருமினார். "போனேன். மண்டபத்துக்கு எதிர்ல லாரியை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். அவ வெளிய வந்து கார்ல ஏறினா. சிரிச்சிட்டிருந்தா. பார்த்துட்டு வண்டிய எடுத்துட்டேன்."

"இறங்கிப் போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம்." வெகுநேரம் மூச்சுக்குத் திணறினார். "அந்தப் பையனை இப்பவும் எனக்குப் பிடிக்கலய்யா. அவகிட்ட சொல்லு. நான் வந்தேன்னு சொல்லு."

ஆட்கள் வந்து கதவை நெம்பித் திறந்தபோது பிடித்திருந்த கையில் பிடிப்பு இல்லை. டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

தகவல் எப்படியோ போய், மறுநாள் காலையில் மகள் வந்தாள். கணவர் ஆபீஸ் அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அவள் தாழ்வாரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வார்டு சிஸ்டர் வண்டிக்காரரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீங்கதான கூட இருந்தீங்க? போய் ஏதாவது நல்லதாச் சொல்லுங்க. அவங்க பேரைச் சொல்லிக்கிட்டே கண்ணை மூடினார்னா போதும். பாவம், ஆறுதலா இருக்கும்."

சிஸ்டர் நல்ல மனதோடுதான் சொன்னார். தாழ்வாரத்தில் நடந்து போகும்போது, அப்படியே சொல்லிவிட்டால் என்ன என்று இவருக்கும் தோன்றாமல் இல்லை.

"நீங்கதான் அப்பாகூட இருந்தீங்களா?" என்றாள் அவள்.

"ஆமாம்மா." நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவர் கையை இவர் பிடித்துக்கொண்டது, மண்டபம், லாரி, அவள் சிரித்தது, அவர் வந்தேன் என்று சொல்லச் சொன்னது.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "எல்லாருக்கும் இப்படி ஒண்ணு சொல்லித்தான் அனுப்புவீங்க, இல்ல? மனசு ஆறட்டும்னு."

"இல்லம்மா."

"என் பேரைச் சொன்னாரா?"

"இல்ல. பொண்ணுன்னுதான் சொன்னார்."

"மன்னிப்பு கேட்டாரா?"

"கேக்கல."

"அழுதாரா?"

"அழலம்மா. இருமினார்."

"அப்ப நான் எதை வச்சு நம்பறது?"

போதகரிடம் தான் கேட்ட கேள்வி வேறொருவர் வாயிலிருந்து தன்மேலேயே வந்து விழுந்தது. "எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லம்மா. நான் இருந்தேன், கேட்டேன். அவ்வளவுதான்." போகத் திரும்பியவர், விட்டுப்போன ஒன்று உறுத்தி நின்றார். "உங்க வீட்டுக்காரரை இப்பவும் பிடிக்கலன்னும் சொன்னார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினாள்.

"இதை நீங்க சொல்லியிருக்கவே வேண்டியதில்லையே" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அவர் சொன்னதாச்சேம்மா."

கணவர் வந்தார். அவள் எழுந்து போனாள். நம்பினாளா இல்லையா என்று சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க அவருக்கு மனது சரியில்லை. உண்மையைச் சொல்லும்போது அதை நம்பாமல் ஒருவர் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று அதற்குமுன் அவருக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து, வேதாகமத்தில் கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றிய பகுதியைத் திரும்ப எடுத்தார். இதுவரை தூதர்களை எண்ணிக்கொண்டிருந்தவர் கண்ணில் இப்போதுதான் அது பட்டது. அந்தப் பெண்கள் ஓடிவந்து சொன்னதைச் சீடர்களே பிதற்றல் என்று தள்ளிவிட்டார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியான மகதலேனா மரியாள் எப்படிப்பட்ட முகங்களுக்கு முன்னால் நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். சீடர் பேதுரு ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து, இயேசுவைத் தெரியவே தெரியாது என்றது, அவரைப் பிடிக்க வந்தபோது அத்தனை பேரும் ஓடிப்போனது, எல்லாம் அப்படியே எழுதியிருந்தது. இதைச் சொல்லியிருக்கவே வேண்டியதில்லையே என்று அவருக்குத் தோன்றியது. கதை கட்டுகிறவன் தன் மானம் போகிற இடத்தை முதலில் வெட்டியிருப்பான். இவர்கள் வைத்திருந்தார்கள். கையில் காட்ட ஒன்றுமில்லாமல், இருந்தோம், பார்த்தோம் என்று சொல்லிவிட்டு, அதற்காக அடியும் வாங்கினார்கள்.

சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "அப்ப பார்த்துச் சொன்னவங்க மேல இருந்த கோபம் போயிடுச்சு" என்றார். "முன்னப்பின்ன தெரியாதவங்கன்னு இருந்தேன். இப்ப கொஞ்சம் தெரியும்." பிரமாணத்தில் அந்த இடத்தையும் இப்போது வாய்விட்டுச் சொல்கிறாராம். தன் குரல் தனக்கே புதிதாக இருக்கிறதாம். சில வாரம் அந்த வரி வாயில் வராது, அப்போது மற்றவர்கள் சொல்லட்டும் என்று விட்டுவிடுவாராம்.

சில வாரங்கள் கழித்து மகள் மறுபடி வந்தாள், தனியாக. ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. முதல்லேருந்து."

சொன்னார். அவள் நடுவில் நிறுத்தினாள். "அன்னைக்கு நீங்க அவர் கையைப் பிடிச்சீங்கன்னு சொன்னீங்க. இப்ப அவர் உங்க கையைப் பிடிச்சார்ங்கறீங்க."

"அப்படியா சொன்னேன்?" யோசித்தார். "யார் யாரைப் பிடிச்சோம்னு தெரியலம்மா. பிடிச்சிட்டிருந்தோம்."

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். லாரி எதுவும் ஞாபகத்துல இல்ல. கார் கிளம்பறப்ப எதிர்ல ஏதோ பெரிய வண்டி நின்னுதுன்னு வீட்டுக்காரர் சொல்றார். லாரியா பஸ்ஸான்னு கேட்டா தெரியலங்கறார்." டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "ஆனா அப்பா அப்படித்தான். வருவார், இறங்கமாட்டார்" என்றாள்.

பிறகு போனை எடுத்து, தூரதேசத்தில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டாள். சாவுக்கும் வரமுடியாமல் போனவன். "அப்பா கடைசியில என்ன சொன்னார்னு சொல்றேன், கேளு" என்று தொடங்கினாள். லிஃப்ட், மூச்சுத் திணறல், மண்டபத்துக்கு எதிரே லாரி என்று, தானே உள்ளே இருந்தவள் போலச் சொல்லிக்கொண்டு போனாள். வண்டிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் மன்னிச்சிடச் சொன்னாராம்டா" என்றாள்.

வண்டிக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். கண்களில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவர் மறுபடியும் ஆட்டினார், கொஞ்சம் மெதுவாக.

"இரு, இல்ல" என்றாள் போனில். "மன்னிப்பெல்லாம் கேக்கலையாம். வந்தேன்னு சொல்லச் சொன்னார், அவ்வளவுதான். இதோ பக்கத்துலயே இருக்கார்... யாரா? அப்பாகூட இருந்தவர்."

அண்ணன் என்ன சொன்னானோ, அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வார்டிலிருந்து கூப்பிட ஆள் வந்தது. வண்டிக்காரர் எழுந்து கையசைத்து விடைபெற்றார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்றாள். "வரேம்மா" என்றார். போகவில்லை, எந்த வீடு என்று கேட்டுவைக்கவும் தோன்றவில்லை.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, நடந்ததை யாரிடமாவது உடனே சொல்லவேண்டும் போலிருந்தது அவருக்கு. பக்கத்தில் நின்றவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்தது. அந்த ஞாயிறு அதை என்னிடம் சொன்னார்.