வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை

இருபத்திரண்டு வயதில் நான் டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடையின் பின்கட்டில் கிடந்த துருப்பிடித்த தகரம் குதிகாலைக் கிழித்து, இரண்டே நாளில் சீழ் வைத்துவிட்டது. டாக்டரம்மா ஊசி போட்டு, காலையும் மாலையும் விழுங்க ஒரு வாரத்துக்கு கேப்சூல் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்று சொன்னாரோ என்னவோ, என் காதில் விழவில்லை. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு ஓடுவேன்.

மூன்றாம் நாள் காலை, குடலே வெளியே வந்துவிடும்போலக் கிணற்றடியில் ஓங்கரித்தேன். மதினி பார்த்துக்கொண்டு நின்றாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அண்ணனிடம் சொன்னாள்.

வந்த வேகத்தில் அண்ணன் என் பின்னலைப் பிடித்து, முகத்தைத் துவைகல்லில் மோதினான். மேலுதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

"யாருட்டி அவன்?"

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவன் பெல்ட்டைக் கழற்றியிருந்தான். மாத்திரையால்தான் என்று அழுதேன். கருவைக் கலைக்க மாத்திரை தின்றிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு அதற்கும் சேர்த்து அடித்தான். வயிற்றில் மிதிக்கக் காலைத் தூக்கியபோது கையைக் குறுக்கே கொடுத்தேன். மணிக்கட்டு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அம்மா அடுக்களை வாசலைவிட்டு அசையவில்லை.

பக்கத்து வீட்டு டீச்சர்தான் ஓடிவந்து, அவனைத் தள்ளிவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றினார். அண்ணன் சைக்கிளில் பின்னாலேயே வந்தான். நான் கெட்டுப்போயிருக்கிறேனா என்று சோதித்துச் சொல்லும்படி டாக்டரம்மாவிடம் கேட்டான்.

உதட்டில் தையல் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நான் குடுத்த மாத்திரை அது. வெறும் வயித்துல போட்டா சில பேருக்குக் கொமட்டத்தான் செய்யும். அடிக்கதுக்கு முன்னால இத ஒரு வார்த்த கேக்க ஒங்களுக்கு வாய் இல்லயா?"

அவன் வெளியே போனான்.

நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. டீச்சர் வீட்டில் இருந்துகொண்டு, சாப்பிட்ட பிறகு மீதி கேப்சூல்களைப் போட்டேன். குமட்டல் குறைந்து, கால் ஆறியது. மாவுக்கட்டுப் பிரித்ததும் பாளையங்கோட்டையில் ஒரு ஹாஸ்டலில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மட்டும் வருவாள். அன்றைக்கு ஏன் தடுக்கவில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நானும் அப்படித்தாம்ட்டி நெனச்சேன்" என்றாள்.

அன்று அவளைப் பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை.