வாசிப்புக் குறிப்பேட்டில் ஆத்தும சோதனை

கல்லூரி மாணவியர் விதிகள், இருபத்திரண்டாம் விதி, ஆ உட்பிரிவு: வாசிப்புக் குறிப்பேட்டில் மாணவி தெரிவிக்கும் கருத்து எதுவாயினும் அதன்பொருட்டு அவள்மீது நடவடிக்கை எடுக்கலாகாது. எங்கள் கல்லூரியில் இந்த விதியை இரண்டு பேர் படித்திருந்தோம். ஒருத்தி நான். மற்றவர் அதைத் தட்டச்சு செய்தவர்.

அறுபதுகளின் தொடக்கம். சேலத்தில் புகுமுக வகுப்பில் இருந்தேன். தமிழ் எடுக்க அந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு பெண் விரிவுரையாளர் வந்திருந்தார். செய்யுளுக்குப் பொழிப்புரை, கதைக்குச் சுருக்கம் என்றே வளர்ந்த எங்களிடம் அவர் புது வேலை ஒன்றைக் கொடுத்தார். துணைப்பாட நாவலில் வாரம் ஓர் அத்தியாயம் படிக்க வேண்டும். படிக்கும்போது மனதில் என்னென்ன ஓடியதோ அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். "ஒளிவு மறைவு வேண்டாம். மனசுல வந்ததை அப்படியே எழுதுங்க" என்றார். ஆண்டு முடிவில் குறிப்பேட்டில் அவர் கையெழுத்து இருந்தால்தான் வருகைச் சான்று. சான்று இருந்தால்தான் ஹால் டிக்கெட்.

வகுப்பில் பெரும்பாலோர் மனதில் ஓடியதைக் கடைவீதியில் விலைக்கு வாங்கினார்கள். அந்த நாவலுக்கு நோட்ஸ் ஒன்று கிடைத்தது. அதன்படி முதல் அத்தியாயத்தில் எல்லோர் உள்ளமும் உருகியது, இரண்டாவதில் கண்கள் குளமாயின. விரிவுரையாளர் எல்லாவற்றிலும் "நன்று" என்று எழுதிக் கொடுத்தார்.

கத்தோலிக்கப் பெண்கள் நாங்கள் நான்கு பேர். ஒரே பங்குக் கோவில், ஒரே ஞானோபதேச வகுப்பு. மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்வதற்கு எங்களுக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் உட்கார்ந்து ஆத்தும சோதனை செய்து, நினைத்தது, சொன்னது, செய்தது, செய்யாமல் விட்டது என்று வகைப்படுத்தி, எத்தனை முறை என்பதையும் சேர்த்துத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போவோம். குறிப்பேட்டையும் அப்படியே எழுதினோம். நாங்கள் கலந்து பேசவில்லை. பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

என்னுடையது இப்படி இருந்தது: "நினைவினால்: மகன் தாயைத் திட்டியபோது உள்ளூர மகிழ்ந்தேன், ஒரு முறை. செயலினால்: காட்டு வர்ணனையைப் படிக்காமல் தாண்டினேன், பல முறை. கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டேன், கனமான பாவம். இனிமேல் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்கிறேன்."

நான்கு குறிப்பேடுகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு விரிவுரையாளர் எங்களை எழுப்பி நிறுத்தினார். நாற்பது பேர் ஒரே மாதிரி உருகியது அவருக்கு இயல்பாகத் தெரிந்தது. நான்கு பேர் ஒரே மாதிரி வருந்தியது கூட்டுச் சதியாகத் தெரிந்தது.

"கேலி பண்றீங்களா? திருப்பி எழுதற வரைக்கும் கையெழுத்துக் கிடையாது" என்றார்.

மற்ற மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நோட்ஸைப் பார்த்து உருகி எழுதிக் கொடுத்துத் தப்பித்தார்கள். நான் எழுதவில்லை. பெரிய கொள்கை என்று எதுவும் இல்லை. விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டேன், அவ்வளவுதான்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டுப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள்.

"ஏம்புள்ள, எனக்கு ஒண்ணுமே உருகல. உருகுச்சுன்னு எழுதிப்போட்டேன், நன்றுன்னு வந்துச்சு. நெசத்தச் சொன்னா மாட்டிக்குவீங்கன்னு உங்க கோயில்ல சொல்லித் தர்றதில்லீங்களா?" என்றாள். கிண்டல் செய்யும்போது மட்டும் எனக்கு மரியாதை கொடுப்பாள்.

"அங்க சொன்னா மன்னிப்பு உண்டு."

"இங்க சொன்னா ஓமலூர்தான் உனக்கு. சீலை எடுக்கையில சொல்லியனுப்பு, வாரேன்."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. ஓமலூரில் கடை வைத்திருந்த எங்கள் சபைக் குடும்பம் ஒன்று என்னைப் பெண் கேட்டிருந்தது. பையனின் தாயார் எங்கள் கோவிலுக்கே பூசை காண வந்து, பீடத்தைப் பார்த்த நேரத்தைவிட என்னைப் பார்த்த நேரம் அதிகம். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா அவர்களுக்குச் சொன்ன பதில் தெளிவானது. பெண் இந்த வருடம் பரீட்சை எழுதினால் மேலே படிப்பாள். எழுதாவிட்டால் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், கழிந்து கல்யாணம். அப்போது பாஸ்காவுக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியிருந்தது. தபசு காலத்தில் எங்களில் கல்யாணம் வைப்பதில்லை. அந்த ஒரு விதிதான் எனக்கு வாய்தா வாங்கிக் கொடுத்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் விரிவுரையாளரைக் குறை சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. "விதி நம்பர் போட்டு மனு எழுது. உரிய வழியா அனுப்பு" என்றார்.

உரிய வழி என்பது எட்டாம் விதி. முதல்வருக்கு எழுதும் எந்த மனுவும் பாட விரிவுரையாளர் மூலமாகவே போக வேண்டும். ஆகவே விரிவுரையாளர் மீதான மனுவை எடுத்துக்கொண்டு விரிவுரையாளரிடமே போனேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதுல 'மேலனுப்பப்படுகிறது'ன்னு நான்தான் எழுதணுமா?"

"ஆமா மிஸ்."

"எழுத மாட்டேன்னா?"

"அதுக்கும் மனு குடுக்கலாம் மிஸ். அதுவும் உங்க மூலமாத்தான்."

என் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினார். இல்லை. பேனாவைத் திறந்து எழுதி, ஆபீஸ் தட்டில் போட்டார். பிறகு என் குறிப்பேட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

"'பல முறை'ங்கறியே, எத்தனை முறை?"

"எண்ணிக்கை ஞாபகம் இல்லேன்னா அப்படிச் சொல்லலாம் மிஸ். சாமியார் ஒத்துக்குவார்."

"எந்தச் சாமியார்?"

அப்போதுதான் விளக்கினேன். கூண்டு, முழங்கால், துண்டுக் காகிதம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மகன் திட்டினப்போ சந்தோஷப்பட்டேன்னு எழுதியிருக்கியே, நிஜமா?"

"நிஜம் மிஸ்."

"ஏன்?"

"அந்தம்மா கதையில யாரையும் பேசவே விடலை மிஸ். செத்துப்போன புருஷன்கூட அவங்க சொல்றதைத்தான் பேசறார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதை ஏன் எழுதலை?"

"காரணம் சொல்லக் கூடாது மிஸ். காரணம் சொன்னா சாக்குச் சொல்றதாயிடும்."

"அது அங்க. இங்க எனக்குக் காரணம் மட்டும்தான் வேணும். எத்தனை முறைங்கறது வேண்டாம்." பேனாவை மூடிக்கொண்டே, "சாமியார் கடைசியில என்ன செய்வார்?" என்று கேட்டார்.

"அபராதம் குடுப்பார் மிஸ். ஏதாவது ஜெபம்."

"சரி. அந்தக் காட்டு வர்ணனை முழுசையும் படிச்சுட்டு, ஏன் தாண்டினேன்னு எழுதிக்கிட்டு வா."

படித்தேன். ஒன்பது பக்கம். ஒரு மரத்துக்குக்கூடப் பெயர் கிடையாது, எல்லாம் விருட்சங்கள். எங்கள் ஊர்க் கரட்டுக் குன்றில் கட்டை பொறுக்குகிறவர்கள்கூட இதைவிட விவரமாக, மரங்களைப் பெயர் சொல்லித் திட்டுவார்கள் என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் அதைப் படித்துவிட்டு, "இத்தன நாளா இதயெல்லாம் எங்க வெச்சிருந்த?" என்றாள். அடுத்த வாரம் அவளும் நோட்ஸை மூடி வைத்துவிட்டு எழுதினாள். அவளுக்கு "நன்று" வரவில்லை. நாலு கேள்விகள் வந்தன. அதற்கு என்னைத்தான் திட்டினாள்.

விரிவுரையாளர் என் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டார். சான்று வந்தது, ஹால் டிக்கெட் வந்தது, பரீட்சை எழுதினேன். பாஸ்கா முடிந்து ஓமலூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அழைப்பிதழ் வந்தது. அப்பா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

மனு மட்டும் தட்டில் விழுந்துவிட்டது. அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் தனி மனு வேண்டும், அதுவும் உரிய வழியாக. விட்டுவிட்டேன். பிற்காலத்தில் கல்வி அலுவலகத்தில் நானே கண்காணிப்பாளராக உட்கார்ந்தபோது, ஒரு கோப்பு ஏன் அத்தனை நாள் தூங்குகிறது என்பது புரிந்தது. அதை யாரும் தூங்க வைப்பதில்லை. எழுப்புவது யார் வேலை என்று விதியில் இருக்காது.

நான் பி.ஏ. இரண்டாம் வருடத்தில் இருந்தபோது, மாதா பிறந்த திருநாளான செப்டம்பர் எட்டாம் தேதி, தபால்காரர் ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். பார்வையில் கண்ட மனு பரிசீலிக்கப்பட்டதாகவும், இருபத்திரண்டாம் விதியின் ஆ உட்பிரிவு தெளிவாக உள்ளதாகவும், ஆகவே மனுதாரர் புகுமுக வகுப்புத் தேர்வு எழுத அனுமதிக்கப்படுவதாகவும் முதல்வர் எழுதியிருந்தார். அப்பா நிதானமாகப் படித்து, மடித்து, என்னிடம் கொடுத்தார்.

"அனுமதி குடுத்துட்டாங்க. போய் எழுதிட்டு வா" என்றார்.