பலியேற்றிவ் என்றால் நல்ல மருந்து

அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் பிழையாகச் சொல்லியிருந்தால் என்மேல் இவ்வளவு எரிச்சல் வராது.

வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த வசந்தகாலம் அது. இங்கே கனடாவில், ஸ்காபரோ மருத்துவமனை ஒன்றில் அம்மாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தருவதாகச் சொன்னார்கள். அதுவும் இலவசமாக. அப்பா விடவில்லை.

"எங்கட ஆக்கள்தானே வருவினம். நாளைக்குக் கோயில் முழுக்கக் கதை போயிடும். நீயே சொல்லு. வருத்தத்தின்ர பேரை மட்டும் வாயில எடுத்திடாத."

டொக்டர் ஆறுதலாகத்தான் பேசினார். மெற்றாஸ்ரசிஸ் என்றார்: குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. பலியேற்றிவ் கீமோ என்றார்: நோயை மாற்றாது, கொஞ்ச நாளைக் கூட்டித் தரலாம், ஆனால் ஆளை வாட்டும். வேண்டாமென்றும் சொல்லலாம், அம்மாதான் முடிவெடுக்க வேண்டும் என்றார். அத்தனையையும் நான் ஒரு வரியாக்கினேன்.

"வயித்தில ஒரு கட்டியாம், அம்மா. நல்ல மருந்து குடுக்கினம்."

"மருந்து முடிய சுகம் வருமோ எண்டு கேள், மோனை."

நான் கேட்கவில்லை. "ஓம், வரும்" என்றேன். என்ன கேட்கிறார் என்று டொக்டர் என்னைப் பார்த்தார். எப்போது தொடங்கலாம் என்று கேட்கிறார் என்றேன். இரண்டு மொழி தெரிந்த பெரிய கெட்டிக்காரன்! அம்மா கையெழுத்து வைத்தார்.

மூன்றாம் முறை மருந்து ஏற்றியபின் வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. நாள் முழுக்க ரீவிக்கு முன்னால் சுருண்டு கிடந்து, வன்னிக்குள் அகப்பட்ட மாமாவின் முகம் எங்காவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பியை ஒருக்காக் கண்ணால பாக்கோணும். அதுக்காகத்தான் உந்தக் கோதாரி மருந்தைத் தாங்கிறன்" என்பார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டார்.

யுத்தம் முடிந்து சில வாரங்களில், முகாமிலிருந்து யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் மாமா கோல் எடுத்தார். உயிரோடு இருந்தார். அம்மாவின் காதில் நான்தான் போனைப் பிடித்தேன். மாமா அழுவது எனக்கே கேட்டது. புண் வாயோடு அம்மா மெதுவாகப் பேசினார்.

"அழாதை, தம்பி. எனக்குச் சின்ன வருத்தம்தான், மருந்து முடியச் சுகம் வந்திடுமெண்டு டொக்டர் சொன்னவர். நான் அங்க வாறன், ஆறுதலா இருந்து எல்லாம் கதைப்பம். இப்ப வை, மற்றாக்களும் போனுக்குக் காத்துக்கொண்டு நிப்பினம்."

மாமா இன்னும் ஏதோ சொல்ல வந்தார். "வை, வை" என்று அம்மாதான் வைக்கச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. நானே போனை வைத்தேன். அன்றைக்கு என்னை யாராவது செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

பிறகு அந்த இலக்கத்துக்கு எத்தனை தரம் அடித்தும் யாரும் எடுக்கவில்லை. மாமா மறுபடி கோல் எடுத்தபோது, அம்மா இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தோம்.

"அக்காவிட்டக் குடு" என்றார்.