தப்பாகச் சொல்லிப் பேச வைத்தவர்

ஞானசேகரன் எண்ணிலிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்திருப்பதைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஆங்கிலப் பேச்சுக் குழுவில் இத்தனை வருடங்களில் அந்த மனிதர் ஒரு வரி தட்டச்சு செய்ததில்லை. சரி என்று சொல்வதற்குக்கூட மூச்சு வாங்க ஒரு குரல்பதிவு அனுப்புவார். அதில் குக்கர் விசில், பேருந்து ஹாரன், எதிர்வீட்டு நாய் எல்லாம் கூடவே பேசும். அன்று காலை வந்ததில் சத்தமே இல்லை. அப்பா விடியற்காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் எழுதியிருந்தாள்.

அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒரு விளக்குப் படம், ஒரு ரோஜாப் படம். யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஆங்கில இரங்கல் பத்தி ஒன்று. பிழையே இல்லாத பத்தி. அதையே எடுத்து இன்னும் சிலர் ஒட்டினார்கள். மறுநாள் அதுவும் இல்லை, குழுவே அடங்கிப்போனது. எனக்குத் துக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது, அதை மறைப்பானேன். இவர்களைப் பேச வைப்பதற்காகவே தொண்டை வற்றக் கத்தியவர் போயிருக்கிறார். அவருக்காகச் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. குழுவில் இருக்கிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நான் அடையாறில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறவள். வகுப்புக்கு வர நேரமில்லாதவர்களுக்காகக் கைபேசியில் ஒரு குழு தொடங்கினேன். தினமும் காலையில் ஒரு தலைப்புக் கொடுப்பேன்: எனக்குப் பிடித்த பண்டிகை, தண்ணீரின் அவசியம், இப்படி. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல நிறத்தில் அடையாளம் விழும். பதில் வராது. எப்போதாவது ஒருவர் துணிந்து ஒரு குரல்பதிவு போடுவார். நான் திறப்பதற்குள் அதை அழித்துவிடுவார். செய்தி நீக்கப்பட்டது, செய்தி நீக்கப்பட்டது என்று பக்கம் முழுக்க அதுதான் இருக்கும். சில மாதங்களில் நானே அதை மூடிவிடலாம் என்றிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஞானசேகரன் வந்து சேர்ந்தார். கோடம்பாக்கத்தில் டப்பிங் தியேட்டர் ஒன்றில் ஒலிப்பதிவு செய்கிறவர். பம்பாயிலிருந்து வருகிறவர்கள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறார்கள், நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன், அது போதவில்லை என்று காரணம் சொன்னார். சேர்ந்த சில நாட்களிலேயே, என் தலைப்பைச் சட்டை செய்யாமல், உடைந்த ஆங்கிலத்தில் ஒரு பதிவு போட்டார். மயிலாப்பூர் ஃபில்டர் காபி என்பது சர்க்கரையும் புகையும் மட்டும்தான், கோடம்பாக்கத்து டீக்கடை டீக்குப் பக்கத்தில்கூட அது நிற்காது என்பது அதன் சாரம்.

நான் அதிலிருந்த பிழைகளைக் குறித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு குரல் வந்து விழுந்தது. வைதேகி மாமி. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் இருப்பவர், சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காதவர். "ராங், சார்" என்று தொடங்கினார். அதற்குப்பிறகு டிகாக்‌ஷன், ஃபில்டர், பசும்பால், அவர் மாமனார் காலத்துக் காபிக்கொட்டைக் கடை என்று மூச்சுவிடாமல் போயிற்று. எழுவாய் ஒரு பக்கம் விழுந்தது, வினைச்சொல் ஒரு பக்கம் விழுந்தது, மாமி நிற்கவில்லை. ஞானசேகரன் திரும்பவும், இல்லை மாமி, வெறும் புகைதான் என்றார். மாமியின் அடுத்த பதிவு முந்தியதைவிட நீளம். அழித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அழிக்கவில்லை.

நான் கடமை தவறாதவள். மாமியின் பிழைகளை வரிசைப்படுத்தி அங்கேயே போட்டேன். உடனே ஞானசேகரன் எனக்கு போன் செய்தார்.

"இன்னா மேடம் நீங்க. அந்தம்மா இப்பதான் வாயைத் தொறந்துக்கீறாங்க. நீங்க உடனே டாக்டர் மாதிரி உள்ள டார்ச் அடிச்சுப் பாக்குறீங்க. மொதல்ல வாய் அசையட்டும் மேடம். கொரலை அப்பால ஒட்டிக்கலாம்."

வாய் அசையட்டும், குரலை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம். அவர் தொழிலில் அது சரியாக இருக்கலாம், மொழிப் பாடத்தில் எப்படி என்று நான் சண்டை போட்டேன். பிழையைத் திருத்தாவிட்டால் அது ஒட்டிக்கொண்டுவிடும். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், பெயர் சொல்லாமல், பொதுவாகத் திருத்துவது என்று ஒப்பந்தம் ஆயிற்று. மற்ற ஆறு நாளும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அதற்குப்பிறகு என் காலைத் தலைப்பு போயே போயிற்று. தினமும் விடிந்ததும் ஞானசேகரன் ஏதாவது ஒரு அபாண்டத்தைச் சொல்வார், நாள் முழுக்க ஊர் கொந்தளிக்கும். திருநெல்வேலி அல்வா வெறும் பெயர்தான், தி. நகரில் எந்த மிட்டாய்க்கடையிலும் அதைவிட நன்றாகக் கிடைக்கிறது என்றார் ஒருநாள். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் நிற்கும் செல்வத்துக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம். கடையில் வேலை நேரத்தில் போன் எடுக்கக்கூடாது. செல்வம் சேலைக்கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று கிசுகிசுத்த குரலிலேயே கோபப்பட்டார். அத்தனை கோபத்தை அத்தனை மெதுவாக, அதுவும் ஆங்கிலத்தில், நான் கேட்டதே இல்லை.

இதில் ஒவ்வொரு தடவையும் சமாதானத் தூது போனது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். பட்டினப்பாக்கத்தில் மீன்கடை வைத்திருக்கும் ஸ்டெல்லாவின் விஷயத்தைக் கேளுங்கள். கண்ணைக் கட்டிவிட்டுக் குழம்பில் போட்டால் கடல் மீனுக்கும் ஏரி மீனுக்கும் ருசி ஒன்றுதான் என்று இவர் சொல்லிவைத்தார். "யூ கம். ஐ கிவ். யூ டெல்" என்றாள் ஸ்டெல்லா. அதுதான் அவள் குழுவில் பேசிய முதல் பேச்சு. இந்த மனிதர் நிஜமாகவே ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். வெளியே வந்து, வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று ஒரு பதிவு போட்டார். ஸ்டெல்லா குழுவைவிட்டே வெளியேறிவிட்டாள். நான் போன் செய்து கெஞ்சினேன்.

"இன்னா மேடம் அந்தாளு? தட்டு தட்டா துன்னுட்டு ரெண்டும் ஒண்ணுன்றாரு. நாக்குல இன்னா வச்சிக்கீறாரு?" என்றாள்.

அதையே ஆங்கிலத்தில் குழுவில் வந்து சொல் என்றேன். வந்து சொன்னாள். கொஞ்சநஞ்சமில்லை.

ஒருமுறை எல்லோரும் நேரில் சந்திக்கலாம் என்று அவரே ஏற்பாடு செய்தார். மயிலாப்பூரில் ஒரு பூங்கா. ஏற்பாடு செய்தவரைத் தவிர எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டோம். குழுவில் புலிகளாகப் பாய்ந்தவர்கள் நேரில் பூனைகளாக உட்கார்ந்திருந்தார்கள். மாமி முந்தானையைத் திருகினார், செல்வம் மரத்தைப் பார்த்தார், ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். ஒரு ஆங்கிலச் சொல் வரவில்லை. எனக்கு வெறுத்துப்போனது. இவர் நிதானமாகக் கடைசியில் வந்து சேர்ந்தார், நிலைமையைப் பார்த்தார், எல்லோரையும் வெவ்வேறு பெஞ்சுக்கு விரட்டினார். அங்கிருந்தே போனை எடுத்துக் குழுவில் பேசுங்கள் என்றார். பேசினார்கள். கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் குரல்பதிவு அனுப்பிச் சண்டை போட்டார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் போனில் பேசுவது சுற்றுவழி என்று தோன்றியதோ என்னவோ, ஸ்டெல்லா எழுந்துபோய்ச் செல்வத்துக்கு நேராக நின்று பேசத் தொடங்கினாள். அதன்பிறகு பெஞ்சுகள் காலியாயின.

கூட்டம் முடிந்து கோயில் குளத்துப் பக்கம் காபி குடிக்கப் போனோம். ஞானசேகரன் ஒரு காபியை ரசித்துக் குடித்துவிட்டு இன்னொன்றும் கொண்டுவரச் சொன்னார். மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆத்துல இருந்து ஃபிளாஸ்க்ல கொண்டு வந்திருப்பேனே, சொல்லப்படாதோ? இத்தனை நாளா என்னைக் கத்தவிட்டுண்டு" என்றார். புகை நன்றாக இருக்கிறது மாமி என்று இவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எனக்கு அடக்கமுடியவில்லை. வாய் கூசாமல் தினமும் எப்படி இப்படிப் புளுகுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நல்லதா நாலு சொன்னா தலையை ஆட்டிட்டுப் போய்க்கினே இருப்பாங்க மேடம். தப்பா ஒண்ணு சொல்லுங்க. அத அப்படியே வுட்டுட்டுப் போக நம்மாளுங்களுக்கு மனசே வராது" என்றார்.

அந்த வித்தையை என்மீதும் காட்டினார். மேடம் வாழ்க்கையிலேயே ஒரு பிழை விட்டதில்லை என்று ஒரு காலை குழுவில் அறிவித்துவிட்டார். அவ்வளவுதான். அதுவரை மூச்சுக்காட்டாத ஆட்களெல்லாம் என் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அடையாறில் இருபது வருடமாக வகுப்பு எடுக்கிற எனக்கு, முதன்முதலாக வாய் திறந்தவர்கள் பாடம் நடத்தினார்கள். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எத்தனை பேர் புதிதாகப் பேசினார்கள் பார்த்தீர்களா என்றுதான் கேட்டார்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்காதது அந்த இரைச்சல். ஒலிப்பதிவுக்கூடத்திலேயே ஆயுளைக் கழித்தவர், ஒரு பதிவையாவது சுத்தமாக அனுப்பக்கூடாதா? நான் மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்கிறவள். பலமுறை சொல்லியும் அவர் கேட்டதில்லை.

காரியம் முடிந்தபிறகு கோடம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகளிடம் சும்மா பேச்சுவாக்கில் அந்த இரைச்சலைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள்.

"அப்பா வீட்டுலயே அழகா ரெக்கார்ட் பண்ணுவாரு ஆன்ட்டி. திரும்பத் திரும்பப் பேசிப் பாப்பாரு, கை நடுங்கும். அப்புறம் அதை அழிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேசி அனுப்புவாரு. சுத்தமா இருந்தா மத்தவங்க பயந்துடுவாங்கம்மா, நம்ம குரல் இதுக்குப் பக்கத்துல நிக்குமான்னு யோசிப்பாங்கன்னு சொல்வாரு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை நாள் நான் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் போயிருக்கிறார். சொல்லித் தொலைத்திருக்கலாம். அன்று பேருந்தில் திரும்பும்போது குழுவைத் திறந்து பார்த்தேன். கும்பிடும் கைகளுக்குக் கீழே ஒன்றுமில்லை. இவர் நடுங்கி நடுங்கிச் சேர்த்தது, இவரோடேயே போய்விடப் போகிறது என்று தோன்றியது. அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. மயிலாப்பூர் குளத்து நிறுத்தத்தில் இறங்கினேன். அங்கேயே, ஆட்டோக்களுக்கும் பூக்காரர்களுக்கும் நடுவில் நின்று, ஆங்கிலத்தில் ஒரு பதிவு போட்டேன்.

ஞானசேகரன் மிகவும் அமைதியானவர் என்றேன். யாரையும் சீண்டியதில்லை, எங்கும் தாமதமாக வந்ததில்லை, காபி என்றாலே அவருக்கு ஆகாது, மீனில் அவருடைய ருசியை யாரும் குறைசொல்ல முடியாது என்றேன். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. அதையும் சேர்த்தே அனுப்பினேன்.

வீதியைத் தாண்டுவதற்குள் வைதேகி மாமி வந்துவிட்டார். "ராங், மேடம்." குரல் உடைந்திருந்தது, ஆனால் அந்த இரண்டாவது காபியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். அடுத்து சேலைக்கட்டுகளுக்குப் பின்னாலிருந்து செல்வம். ஸ்டெல்லா மீன் வெட்டிக்கொண்டே பேசினாள், கத்தியின் சத்தம் கேட்டது. அழுதுகொண்டே திட்டினாள். பேசாதவர்களும் பேசினார்கள். அன்று முழுக்க அந்த மனிதரை ஆங்கிலத்தில் பிய்த்து எடுத்தார்கள். பிழைகளுக்குக் கணக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை திருத்துவேன், அதில் மாற்றமில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வித்தையைத்தான். நாலு பேர் பேசவேண்டுமென்றால் ஒருவர் முந்திக்கொண்டு தப்பாகச் சொல்லவேண்டும், அதுவும் இரைச்சலுக்கு நடுவே, கை நடுங்கினாலும். இனிமேல் காலையில் அந்த வேலை என்னுடையது.

சாயங்காலம் பேச்சு ஓய்ந்தபோது கடைசியாக ஒன்று போட்டேன். ஞானசேகரன் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்றேன்.

பிறகு செல்வத்தின் குரல், கிசுகிசுப்பாக.

"ராங், மேடம்."