எஞ்சினுக்குச் சாம்பிராணி போட்ட நாள்

கடலைக் குடித்துவிட்டு வந்தது எங்கள் எஞ்சின். மலாய் நாட்டை ஜப்பான்காரன் ஆண்ட காலம். ஆற்று முகத்தில், சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று அடிக்கும் புயல்காற்று படகைக் குப்புறக் கவிழ்த்தது. கரி மூட்டைகள் போயின, என் வீட்டுக்காரர் நீந்திக் கரையேறினார். படகின் பின்னால் மாட்டியிருந்த எஞ்சினை மறுநாள் நீர் வற்றியபோதுதான் சேற்றிலிருந்து தூக்க முடிந்தது. காஜா பேராங் தெருவில் எங்கள் கிணற்றடி வரை, காய்ச்சல் கண்ட பிள்ளையைச் சுமப்பதுபோல் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார்.

அது ஓடினால்தான் அவர் ஜப்பான் ஆபீசுக்குக் கரி ஏற்றும் படகுக்காரர். ஓடாவிட்டால் வேலையில்லாத ஆம்பிளை. வேலையில்லாத ஆம்பிளைகளை லாரியில் அள்ளிச் சயாமுக்கு, ரயில் பாதை போட, அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. நாளைக் காலை வந்து பார்ப்பதாக ஆபீஸ் கங்காணி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"உப்பு சும்மா விடாதுடி, அரிச்சிடும்" என்று திருகு திருகாகக் கழற்றினார். நான் இறைத்தேன், அவர் கழுவினார், நான் இறைத்தேன். எஞ்சின் எண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி ஒவ்வொரு துண்டாகத் தேய்த்தார்.

வேலிக்கு அப்பால் செட்டி வீட்டு அக்கா. பல தலைமுறையாக இங்கேயே ஊன்றிய குடும்பம், அவள் பேச்சு மலாய், நடுவே நாலு தமிழ்ச் சொல். என் தமிழில் சொல்கிறேன்: "அம்மாடி, பெண்டாட்டிக்குக்கூட இப்படித் தேய்ச்சு விட்டிருக்க மாட்டே!"

"அவ தானா ஓடுவா அக்கா. இதுதானே ஓட மாட்டேங்குது" என்றார் அவர்.

பொறி கொடுக்கும் கம்பிச்சுருளும் அது உட்கார்ந்த தட்டும் ஈரமாகவே இருந்தன. வானம் மூடிக்கிடந்தது. அடுப்பில் காட்டினால் சுருளின் மெழுகு உருகிவிடும். அவர் என் தலையைப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்து, கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகை காட்டிய கூந்தல்.

"உன் முடி காயுதுல்ல? அதே மாதிரி இதுக்கும் போடு."

என்னிடம் தீர்ந்திருந்தது; அக்கா சாமிக்கு வைத்திருந்த சாம்பிராணியைக் கொண்டுவந்தாள். கூடைமேல் தட்டு, கீழே தணல், சுற்றிலும் மூன்று பேர். எங்கள் புத்தியை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஊமை. மறுபடி இழுத்தார். பிளக்கைக் கழற்றி இரும்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு என்னை இழுக்கச் சொன்னார். பொறி இல்லை.

"வாசனையா இருக்கு, உயிர்தான் இல்லை" என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. துடைத்த பிளக்கையே மறுபடி மறுபடி துடைத்தார். சயாம் என்ற சொல்லை அதுவரை அவர் வாயால் சொன்னதில்லை, விரல்கள் சொல்லின.

கயிறு சுற்றும் சக்கரத்தை மறுபடி கழற்றினார். தட்டின்மேல் தொட்டுத் தொட்டுப் பிரியும் இரண்டு சின்ன முனைகள்; அவற்றின்மேல் பழுப்பாய் ஒரு படலம். நகத்தால் சுரண்டி மோந்தார், என் மூக்கருகே நீட்டினார்.

"சாம்பிராணிப் பிசின். ரெண்டுக்கும் நடுவுல கம்பளியப் போத்தி விட்டிருக்கோம், பொறி எப்படி வரும்?"

அதைத் தேய்த்தெடுக்க உப்புத்தாள் ஊரிலேயே கிடையாது. அக்கா கொல்லைக்குப் போய், மரச்சாமான்களைத் தேய்த்து மழமழப்பாக்கும் மெம்பெலாஸ் இலையைப் பறித்துவந்தாள். பூனை நாக்குபோலச் சொரசொரப்பு. கிழித்த இலைத்துண்டை முனைகளுக்கிடையே விட்டு, குழந்தையின் காதைத் துடைக்கும் பதத்தில் இழுத்தார். பிறகு நான் கயிற்றை இழுத்தேன். நீலமாய் ஒரு துளி வெளிச்சம். மூவரும் கத்தினோம்.

காலையில் கங்காணி வந்தபோது எஞ்சினின் விசிறி மாட்டிய கால் தண்ணீர்ப் பீப்பாயில் இறங்கியிருந்தது. கயிறு. ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு வெள்ளைப் புகை. உள்ளே தங்கிய தேங்காய் எண்ணெய் எரிந்து பலகாரம் சுடும் மணம். மரவள்ளிக் கிழங்கே சோறாக இருந்த தெருவில் கதவுகள் திறந்து மூக்குகள் எட்டிப் பார்த்தன. அடுத்த நொடி அலறல். பீப்பாய்த் தண்ணீர் எகிறி, கங்காணியின் தேய்த்துப் போட்ட கால்சட்டையை நனைத்தது. அவர் துள்ளிப் பின்வாங்கினார்; கால்களை உதறினார்.

"சரி சரி, கரி ஏத்து!" என்று கத்திவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியும் எஞ்சின் நிற்கவில்லை.

"என்னங்க, நிறுத்துங்க, பெட்ரோல் போகுது!"

"இன்னும் கொஞ்சம் கத்தட்டும்டி."

நானும் கிட்டப் போய் நின்றுகொண்டேன்.