மேலே நாலு நைட்டி

சென்னையிலிருந்த ஓர் அறக்கட்டளை வசந்திக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து, கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பொருட்களைக் கையில் கொடுத்து அனுப்பியது. ஒன்று அடையாள அட்டை. அதில் 'புற்றுநோயாளர் சமூக ஆதரவுப் பணியாளர்' என்று பதவியைப் போட்டதிலேயே இடம் தீர்ந்துபோய், அவள் பெயர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தோள்பை. பையின் இரண்டு பக்கமும் 'புற்றுநோய்' என்ற சொல், திருத்தணி மலைமேல் நிற்பவர் கீழே பஸ் ஸ்டாண்டில் இருக்கும் பையில் படித்துவிடக்கூடிய அளவில், வெள்ளை எழுத்தில் இருந்தது. வெளிப்படையாகப் பேசினால்தான் பயம் போகும் என்பது அறக்கட்டளையின் கொள்கை. கொள்கை சென்னையிலேயே தங்கிவிட்டது. பை மட்டும் திருத்தணிக்கு வந்தது.

முதல் நாள் விசைத்தறிகள் ஓடும் ஒரு தெருவுக்குள் வசந்தி அந்தப் பையோடு போனாள். முதல் வீட்டில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் குடிக்கும்போதுதான் அந்த வீட்டம்மா பையைப் படித்தாள். வசந்தி நான்காவது வீட்டை அடைவதற்குள் அந்த அம்மா அவள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்து, யாராவது கேட்டால் விலாசம் விசாரிக்கத்தான் வந்ததாகச் சொல்லிவிடும்படி கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். மாலையில் அந்த வீட்டு வாசல் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவப்பட்டது. மறுவாரம் வசந்தி தெருமுனையில் திரும்பினாலே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

யோசனை சொன்னது அவள் புருஷன் மணவாளன். திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எந்த ஆளை எப்படிச் சொன்னால் வண்டியில் ஏற்றலாம் என்பது தெரிந்தவன்.

"இன்னாத்துக்கு அந்தப் பேரை மாட்டிகினு போற? எதுனா விக்கிற மாதிரி போ. பொம்பளைங்க கதவ தொறப்பாங்க" என்றான்.

வசந்தி பையை உள்வெளியாகத் திருப்பினாள். எழுத்து உள்ளே போனது. அடியில் பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, மாத்திரை, விண்ணப்பப் படிவங்கள். மேலே நாலு நைட்டி. நாளெல்லாம் சேலை நெய்துவிட்டு நைட்டியில் நடமாடுகிற தெரு அது. கதவுகள் திறந்தன. கொஞ்ச நாளில் 'நைட்டி வசந்தி' என்று பெயரும் வந்தது. எந்தெந்த வீட்டுக்குள் போனதும் மேலே இருக்கும் நைட்டிகளை எடுத்துப் பாய் மேல் வைத்துவிட்டு அடியில் கையை விடவேண்டும் என்பது அந்தந்த வீடுகளுக்கு மட்டும் தெரியும். மூன்று வருஷத்தில் அப்படி முப்பத்தொரு வீடுகள்.

அந்த வீடுகளில் அவள் செய்வதை அடையாள அட்டையில் எழுத முடியாது. புண் கழுவுவாள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி விடுவது எப்படி என்று மகன்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். விடியற்காலை மின்ரயிலில் நோயாளியை ஜன்னலோரம் உட்காரவைத்து, அரக்கோணத்தில் ஏறும் கும்பல் அவர்மேல் சாயாமல் தன் முதுகைக் கொடுத்து நிற்பாள். மருந்தால் முடி கொட்டத் தொடங்கியவர்களை, கொட்டி முடிவதற்குள் மலைக்கு அழைத்துப்போய் மொட்டை போட்டுவிடுவாள். மற்ற ஊரில் மொட்டைத் தலைக்கு ஆயிரம் கேள்வி. இந்த ஊரில் 'வேண்டுதலா?' என்ற ஒரே கேள்வி. 'ஆங்' என்ற ஒரே பதில். முருகன் இதுவரை யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று ஆண்டறிக்கை எழுத வந்த பெண் ஒருத்தி கேட்டாள். அம்மாவுக்கு வந்ததா, அக்காவுக்கு வந்ததா என்று எடுத்தும் கொடுத்தாள். யாருக்கும் வரவில்லை, சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சேர்ந்தேன் என்றாள் வசந்தி. அறிக்கையில் அவள் பக்கம் வரவில்லை.

முதல் நாள் போன அதே விசைத்தறித் தெருவில் எட்டாவது வீடு சந்திராவுடையது. புருஷன் துளசிங்கம், வீட்டோடு இரண்டு விசைத்தறி, கல்யாணத்துக்கு நிற்கும் மகள் தேவிப்பிரியா. சந்திரா வசந்தியின் பட்டியலில் இல்லை. அவள் இரண்டு வருஷமாக நைட்டி வாடிக்கையாளர். முதலில் நைட்டி, இரண்டாம் முறை பேச்சு, மூன்றாம் முறை மெல்ல 'உடம்புல எங்கனா கட்டி இருக்குதாக்கா' என்ற கேள்வி என்று எல்லா வீட்டுக்கும் ஒரு முறை வைத்திருந்தாள் வசந்தி. சந்திரா வீட்டில் அந்த மூன்றாம் முறை வரவே இல்லை. பேரம் அவ்வளவு ருசியாக இருந்தது. பூ போட்டதைப் பிரித்தால், இதைப் போட்டால் மாடு முட்டும் என்பாள் சந்திரா. கோடு போட்டதைக் காட்டினால், ஜெயிலுக்கா அனுப்பறே என்பாள். முப்பத்தொரு வீடு சுற்றுகிறவளுக்குச் சிரிக்க ஒரு வீடு வேண்டியிருந்தது. அதனால் வசந்தி அங்கே நைட்டி மட்டுமே விற்றாள்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகை சமயத்தில் சந்திரா முன்பக்கம் ஜிப் வைத்தது கேட்டாள். தலைவழியாகப் போட்டால் கை தூக்க முடியவில்லையாம். தறி வேலை, தோள்வலி. வசந்தி எடுத்துவந்து கொடுத்தாள். தீபாவளிக்கு ஒரு சைஸ் பெரியதாகக் கேட்டாள். கொடுத்தாள். பொங்கலுக்குப் பூவும் வேண்டாம், கோடும் வேண்டாம், கருப்போ அரக்கோ போதும் என்றாள். வாடிக்கையாளர் மனசை வாய் திறக்குமுன் படித்துவிடுகிறோம் என்று வசந்திக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அரக்கில் இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாசி மாதம் ஒரு பகலில் வசந்தி போனபோது சந்திரா அந்த அரக்கு நைட்டிகளில் ஒன்றைத் தினத்தாளில் சுற்றி உள்ளேயிருந்து எடுத்துவந்து திருப்பிக் கொடுத்தாள்.

"துணி சரியில்ல வசந்தி. மேலெல்லாம் ஒட்டிக்குது. எத்தினி தபா அலசினாலும் கறை போவல. நல்ல கடையா பாத்து எடுக்கமாட்டியா?"

வசந்தி தாளைப் பிரித்தாள். துவைத்த துணிதான். ஆனால் சோப்புக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. மூன்று வருஷமாகத் தன் விரல்களில் ஏறி, வீட்டுக்குப் போய்ப் புளி போட்டுத் தேய்த்தாலும் போகாத வாடை. எந்தத் துணிக்கடையிலும் அது கிடைக்காது.

உடம்பைக் காட்டச் சொன்னாள். சந்திரா சிரித்தாள்.

"நைட்டி விக்கறவ, உனக்கின்னாடி தெரியும்?"

வசந்தி பையைத் தரையில் வைத்து, மேலே இருந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தாள். பையின் வாயை விரித்துக் காட்டினாள். சந்திரா எட்டாவது வரை படித்தவள். உள்பக்கம் இருந்த வெள்ளை எழுத்தைக் கூட்டாமலே படித்தாள். பிறகு எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா இது அடியிலயா இருந்திச்சி?"

"ஆங்க்கா."

"மேல இருந்ததையே பேரம் பேசிகினு இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு சந்திரா ஜிப்பை இறக்கினாள்.

இடது மார்பு முழுக்கப் புண். ஆடி மாதம் அது நெல்லிக்காய் அளவுக் கட்டியாக இருந்ததாம். வலி இல்லாததால் விட்டுவிட்டாளாம். புருஷனுக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இந்த ஊரில் இதற்கெல்லாம் யார் இருக்கிறார்கள் என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு வசந்தி கையுறையை மாட்டினாள். இரண்டு விரல் ஒரே உறைக்குள் போய்விட்டது; கழற்றி மறுபடி மாட்டினாள்.

அடுத்த இரண்டு வாரத்தில் ஐந்து முறை சென்னைக்கு ரயில் ஏறினார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். கடைசி முறை ஓர் இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பு வரை போய்விட்டது, இனி வலியைக் குறைக்கத்தான் மருந்து என்று கூடுமானவரை மெதுவாகச் சொன்னார். ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் கதை வேறு என்றார். சொல்லியிருக்க வேண்டாம், இளம் டாக்டர்.

"உங்க ஊர்ல இதுக்குன்னு வீட்டுக்கு வர்ற ஆளு யாரும் இல்லையாம்மா?" என்றும் கேட்டார்.

சந்திரா பக்கத்தில் நின்ற வசந்தியைப் பார்த்தாள்.

"வருவாங்க சார். நல்ல துணியா எடுத்துகினு வருவாங்க."

திரும்பும் ரயிலில் திருவாலங்காடு தாண்டிய பிறகு சந்திரா ஒரே ஒரு காரியம் கேட்டாள். தேவிப்பிரியாவுக்கு நகரியில் ஒரு மாப்பிள்ளை வீடு பேச்சு நடக்கிறது. தாய்க்கு வந்தது பெண்ணுக்கும் வரும் என்று சொல்லிவிடுவார்கள். கல்யாணமாகிப் பெண் வீட்டைத் தாண்டும்வரை தெருவுக்குத் தெரியக்கூடாது. வசந்தி சரி என்றாள். வேறு எதுவும் சொல்லும் நிலைமையில் அவள் இல்லை.

அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டம் செல்போனில் நடக்கும். வசந்தி நடந்ததை அப்படியே சொன்னாள். மேலதிகாரி முழுவதும் கேட்டார், வருத்தப்பட்டார், இது நமக்கெல்லாம் ஒரு நல்ல பாடம் என்றார். அடுத்த பயிற்சியில் சொல்வதற்காக இரண்டு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார். இனிமேல் எல்லோரும் பையைப் பையாகவே கொண்டுபோக வேண்டும் என்றும் உத்தரவிட்டார். உத்தரவு வந்திராவிட்டாலும் வசந்தி அதைத்தான் செய்திருப்பாள். அன்றிரவே பையைத் திருப்பிப் போட்டாள். நைட்டிகளை அலமாரியில் அடுக்கினாள்.

ஒரு வாரம் அந்த எழுத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் முழுக்க நடந்தாள். புதிதாக ஒரு கதவும் திறக்கவில்லை. பழைய முப்பத்தொன்றில் ஒன்பது வீடுகள் வரவேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லின. அதில் ஒரு வீட்டில் கன்னத்தில் புண்ணோடு இருந்த கிழவருக்கு ஐந்து நாளாகக் கட்டுப் பிரிக்கவில்லை. ஆறாம் நாள் பின்பக்கக் கொல்லை வழியாக அவளைக் கூட்டிப்போனார்கள். சந்திரா வீட்டு வாசலில் துளசிங்கம் நின்றிருந்தார். அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். கும்பிட்டார். அப்படியே போய்விடும்படி கண்ணால் கேட்டார்.

அன்று மாலை சந்திரா போன் செய்தாள். வலியில் குரல் தேய்ந்திருந்தது, நக்கல் தேயவில்லை.

"இன்னாடி, பட்டத்து யானை மாதிரி பேரு எழுதிகினு வர்றியாம்? வெள்ளிக்கிழமை நகரிக்காரங்க வர்றாங்க. நாளைக்கி வந்து கட்டு மாத்திட்டுப் போ. மேலே நாலு நைட்டி எடுத்துகினு வா."

வசந்தி அலமாரியைத் திறந்தாள். பையை மறுபடி திருப்பினாள்.

மறுநாள் சந்திரா வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, நான்கு நைட்டியையும் தெருவே பார்க்கப் பிரித்துப் போட்டுப் பேரம் பேசினாள். போன தடவை கொடுத்தது சாயம் போனதைச் சொல்லித் திட்டினாள். இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். திட்டி முடித்து, ஒன்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, விலை படியவில்லை, உள்ளே வா பேசிக்கொள்ளலாம் என்று கூப்பிட்டாள். உள்ளே வந்ததும் சுவரோடு சரிந்தாள்.

"தறிய போடுய்யா" என்றாள் புருஷனிடம்.

துளசிங்கம் இரண்டு தறியையும் ஓட்டிவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் வசந்தி ஒட்டியிருந்த துணியை நனைத்து நனைத்து எடுத்தாள், கழுவினாள், நாற்றம் அடக்கும் மாத்திரையைப் பொடித்துத் தூவினாள், கட்டினாள். சந்திராவின் வாய் திறந்து திறந்து மூடியது. அவள் கத்தினாளா, திட்டினாளா, வசந்திக்குக் கேட்கவில்லை. தறிகளின் முன் முதுகைக் காட்டி நின்ற துளசிங்கம் ஒருமுறையும் திரும்பவில்லை. பாவு நூல் அறுந்து, ஒரு தறி அறுந்த இழையோடு வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

கட்டு முடிந்து வெளியே வந்தபோது எதிர்வீட்டுப் பூவம்மாள் தன் படியில் நின்று கைதட்டிக் கூப்பிட்டாள்.

"ஏ நைட்டி, இங்க வா. முன்பக்கம் ஜிப் வச்சது இருக்குதா?"

வசந்தி தெரு நடுவில் நின்றுவிட்டாள். யாருக்கு என்று கேட்டாள். மருமகளுக்கு, பிள்ளை பெற்றிருக்கிறாள், பால் கொடுக்கத் தோதாக இருக்கும் என்றாள் பூவம்மாள். அவள் வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தமும் கேட்டது. அது உண்மைதான்.

இந்த மூன்று வருஷத்தில் முன்பக்கம் ஜிப் வைத்ததை எத்தனை வீட்டில் கொடுத்திருப்போம் என்று வசந்தி எண்ணிப்பார்த்தாள். எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தாள், எந்த வீட்டில் இல்லை? நோயாளிகள் பட்டியல் நோட்டில் இருக்கிறது. நைட்டி வாங்கினவர்களை யார் எழுதி வைப்பார்கள்?

"இருக்குதா, இல்லியா?" என்றாள் பூவம்மாள்.

"இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு வசந்தி பைக்குள் கையை விட்டாள். மேலே இருந்ததை எடுப்பதா, அடியில் இருப்பதைக் காட்டுவதா என்று தெரியாமல் கை உள்ளேயே இருந்தது.