மிராசுதார் கேட்ட மூடி

பழைய கார்கள் குறைந்துபோனதால், மன்னார்குடியில் நான் எட்டு வருஷம் வேலை பார்த்த கார் உதிரிபாகக் கடையை முதலாளி மூடினார். ரப்பரும் கிரீஸும் கலந்த அந்தக் கடை வாசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கடைசி நாளன்று, "உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கப்பா" என்றார். நான் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துக்கொண்டேன்; அது உடைந்தால் இன்ஜின் ஓடாது. எங்கள் மிராசுதாரின் சீமைக் காருக்கு மட்டும் பொருந்துவது. சுற்றுவட்டாரத்தில் அந்த மூடி ஒன்றுதான் இருந்தது. குத்தகையைப் பதியச் சொல்லிக் கேட்டதற்காக, விளைந்து நின்ற வயலில் ஆளை இறக்கி அறுத்துக்கொண்டு அப்பாவை வெளியேற்றியவர் அவர்.

நாலு மாதத்தில் மூடி உடைந்து அவர் கார் நின்றுவிட்டது. வீடு தேடி வந்தார்.

"உங்கிட்ட இருக்காமே, தம்பி?" அதுவரை என்னை 'டேய்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"இருக்குங்க. தர மாட்டேன்."

அப்பா அவர்மேல் போட்டிருந்த குத்தகை வழக்குக்கு அவர் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று. கூட்டத்தில் நின்றாராம். அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அப்பா நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார்.

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தஞ்சாவூர் வரைக்கும் அவர் நிற்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன்! அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை.